என் குரோமில் நன்றாகத்தானே ஓடுகிறது?

ஒரு விண்ணப்பப் படிவம். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், கீழே ‘சமர்ப்பி’ பொத்தான். டெவலப்பரின் மடிக்கணினியில் எந்தச் சிக்கலும் இல்லை. மேலாளரும் தன் ஆண்ட்ராய்டு போனில் பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்லிவிட்டார். பக்கம் வெளியான மறுநாள் ஒருவர் அழைத்து, பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார். பிழைச் செய்தி கிடையாது. எழுத்து, நிறம், படம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அவர் கையில் இருப்பது ஐபோன் 7.

இப்படி ஒரு புகார் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஒற்றை வரியாக இருக்கும். உதாரணத்துக்கு, மின்னஞ்சலைச் சரிபார்க்க எழுதிய ரெஜெக்ஸில் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் குறியீட்டு வரி) ‘லுக்பிஹைண்ட்’ என்ற உத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இந்த எழுத்துக்கு முன்னால் இன்னது இருந்தால் மட்டும் எடு’ என்று சொல்லும் வசதி அது. குரோமில் 2017-லேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸில் 2020-இல். ஆப்பிளின் உலாவியான சஃபாரியில் 16.4 பதிப்பில்தான், அதாவது 2023 மார்ச்சில்தான் வந்தது. ஐபோன் 7-க்கு ஆப்பிள் ஐஓஎஸ் 15-க்கு மேல் தரவில்லை. ஆகவே அந்த போனுக்கு 16.4 என்றைக்குமே வரப்போவதில்லை. ‘குரோம் இறக்கிக்கொள்ளுங்கள் சார்’ என்று ஆலோசனை சொல்லியும் பயனில்லை. ஐபோனில் ஓடும் குரோமுக்குள் இருப்பதும் ஆப்பிளின் வெப்கிட் என்ஜின்தான், அதாவது நிரலைப் படித்துப் பக்கமாக வரையும் உள்பகுதி.

சரி, ஒரு வரி புரியவில்லை என்றால் அந்த ஒரு சரிபார்ப்பு மட்டும்தானே போக வேண்டும்? பக்கம் முழுக்க ஏன் செயலற்றுப் போகிறது? ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டுவதற்கு முன் உலாவி அதை முழுதாக ஒருமுறை படித்து இலக்கணம் பார்க்கிறது. எங்கோ 4,000-ஆவது வரியில் தனக்குத் தெரியாத குறியீடு ஒன்று தென்பட்டால் கோப்பையே தள்ளிவிடுகிறது. முதல் வரிகூட ஓடாது. இன்றைய பழக்கமோ எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி அனுப்புவது. மெனு, படிவம், பொத்தான் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

பல உலாவிகளில் சோதிக்கும் வேலையைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். பக்கம் மூன்று மொழிகளில் எழுதப்படுகிறது: உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், செயலுக்கு ஜாவாஸ்கிரிப்ட்; மூன்றுக்கும் பொறுமை வேறு வேறு. எச்டிஎம்எல்லில் தெரியாத ஒரு டேக் வந்தால் உலாவி அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிவிடும். சிஎஸ்எஸ்ஸில் தெரியாத ஒரு வரி வந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அதனால்தான் உயரத்தை முதலில் பழைய ‘விஎச்’ அலகில் எழுதி, அடுத்த வரியில் புதிய ‘டிவிஎச்’ அலகில் எழுதினால் இரண்டு தலைமுறை உலாவிகளும் பிழைத்துக்கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்டிடம் அந்தத் தாட்சண்யம் எதிர்பார்க்க முடியாது. ஒரு பெட்டி நாலு பிக்சல் தள்ளி நிற்பதும், விண்ணப்பமே போகாமல் இருப்பதும் ஒரே எடையுள்ள குறைகள் அல்ல. ஆனால் பல அலுவலகங்களில் சோதனை அறிக்கையில் முதல் வகைதான் பக்கம் பக்கமாக இருக்கும். கண்ணில் படுவது அதுதான்.

உலாவிகளுக்குள் இத்தனை வேறுபாடு ஏன் என்று கேட்டால், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக என்ஜின் எழுதியதால் என்பது பாதி பதில். மீதி, ஒன்றை ஒன்று சமாளிக்கச் சொன்ன பொய்கள். இன்றும் எந்த உலாவியும் சர்வரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியைப் பாருங்கள். விண்டோஸில் ஓடும் குரோம் முதலில் ‘மொசில்லா/5.0’ என்கிறது, பிறகு ‘ஆப்பிள்வெப்கிட்/537.36’ என்கிறது, அடுத்து ‘கேஎச்டிஎம்எல், கெக்கோவைப் போல’ என்கிறது, பிறகுதான் தன் பெயரைச் சொல்லி, கடைசியில் ‘சஃபாரி/537.36’ என்று முடிக்கிறது. ஐந்தில் ஒன்றுதான் உண்மை.

கதை 1990-களில் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் என்ற உலாவி தன்னை மொசில்லா என்று அழைத்துக்கொண்டது. அது பக்கத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதியைக் கொண்டுவந்ததும், தளங்கள் பெயரைப் பார்த்து மொசில்லாவுக்கு ஃபிரேம் உள்ள பக்கத்தையும் மற்றவர்களுக்கு மொட்டைப் பக்கத்தையும் அனுப்பின. இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஃபிரேம் கற்றுக்கொண்டது, ஆனால் அதன் பெயர் தளங்களுக்குத் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் ‘மொசில்லா, ஒத்திசைவானது’ என்று எழுதிக்கொண்டு உள்ளே நுழைந்தது. நல்ல பக்கங்கள் நெட்ஸ்கேப்பின் வாரிசான கெக்கோ என்ஜினுக்குப் போனபோது, லினக்ஸின் கான்கரர் உலாவி ‘கெக்கோவைப் போல’ என்று சேர்த்துக்கொண்டது. அதன் கேஎச்டிஎம்எல் என்ஜினிலிருந்து கிளைத்த சஃபாரி அதையும் சுமந்தது. 2008-இல் வந்த குரோம் சஃபாரியின் முழு வரியையும் எடுத்துக்கொண்டு தன் பெயரைச் செருகியது. இப்போதைய எட்ஜ் குரோமின் வரியை அப்படியே சொல்லிவிட்டுக் கடைசியில் தன் பெயரில் மூன்று எழுத்தை ஒட்டுகிறது.

பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓபராவின் அனுபவம் ஒன்று போதும். 2009-இல் பதிப்பு 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும் தளங்கள் அதை ஓபரா 1 என்று நினைத்து, ‘உங்கள் உலாவி மிகப் பழையது’ என்று திருப்பி அனுப்பின. ஓபரா வேறு வழியின்றி தன்னை 9.80 என்றே அறிவித்துக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் ஒளித்து வைத்தது. இதே பயம் 2022-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோது மறுபடி வந்தது. இரண்டு இலக்கம் மட்டும் படிக்கும் நிரல்களுக்கு 100 என்பது 10. இரு நிறுவனங்களும் மாதக்கணக்கில் முன்கூட்டியே சோதித்ததால் பெரிய சேதம் இல்லாமல் கடந்தது. ‘இந்த உலாவியா?’ என்று கேட்காமல் ‘இந்த வசதி இருக்கிறதா?’ என்று கேட்கும்படி டெவலப்பர்களுக்கு இருபது வருடமாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

பொய்யால் வந்த குழப்பம் இது. புரிதலில் வந்த குழப்பத்துக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இன் பெட்டிக் கணக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு பெட்டிக்கு அகலம் 200 பிக்சல், உள் இடைவெளி இரு பக்கமும் 20, கரை இரு பக்கமும் 5 என்று எழுதுகிறீர்கள். 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ் தரவரையறைப்படி 200 என்பது உள்ளடக்கத்துக்கு மட்டும். பெட்டி மொத்தம் 250 பிடிக்கும். எக்ஸ்புளோரர் 5 கணக்குப்படி 200-க்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும். உள்ளடக்கத்துக்கு மிஞ்சுவது 150. இரண்டு பத்திகளை அக்கம்பக்கம் வைத்த பக்கத்தில் இந்த ஐம்பது பிக்சல் போதும், வலது பத்தி இடம் போதாமல் கீழே விழுந்துவிடும். பழைய எக்ஸ்புளோரர் சிஎஸ்எஸ்ஸைப் படிப்பதில் வைத்திருந்த ஒரு பிழையையே கருவியாக்கி, அதற்கு ஓர் அகலம், மற்றவற்றுக்கு வேறு அகலம் என்று கொடுக்கும் தந்திரத்தை டான்டெக் செலிக் கண்டுபிடித்தார். பல ஆண்டுகள் பாதி இணையம் அந்தத் தந்திரத்தில்தான் நின்றது. அவர் மைக்ரோசாஃப்டிலேயே மேக் கணினிக்கான எக்ஸ்புளோரரின் என்ஜினில் வேலை பார்த்தவர் என்பது கூடுதல் சுவை.

அந்த மேக் பதிப்புதான், 2000-இல், இன்னொரு சமரசத்தையும் கொண்டுவந்தது. பக்கத்தின் முதல் வரியில், ‘இது எச்டிஎம்எல் பக்கம்’ என்று சொல்லும் முறையான டாக்டைப் அறிவிப்பு இருந்தால் தரவரையறைப்படி நடப்பது, இல்லாவிட்டால் பழைய தவறுகளோடு ‘குவர்க்ஸ் மோட்’டில் காட்டுவது. எல்லா உலாவிகளும் இதை ஏற்றுக்கொண்டன, இன்றுவரை கைவிடவில்லை. அதனால் இப்போதும் ஒரு விசித்திரம் நடக்கும். சர்வரில் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி நிரல் ஏதோ ஓர் எச்சரிக்கையை டாக்டைப்புக்கு முன்னால் அச்சிட்டுவிட்டால் பக்கம் முழுவதும் குவர்க்ஸ் மோடுக்குப் போய்விடும். அட்டவணைக்குள் எழுத்தின் அளவு திடீரென்று மாறியிருக்கும். காரணம் தெரியாமல் சிஎஸ்எஸ்ஸைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

பெட்டிக் கணக்கில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவறாகச் செய்த எக்ஸ்புளோரரின் கணக்குதான் மனிதர்களுக்கு வசதியானது. பின்னாளில் சிஎஸ்எஸ்ஸிலேயே ‘பார்டர்-பாக்ஸ்’ என்ற பெயரில் அது விருப்பத் தேர்வாக வந்தது, இன்று புதிதாகத் தொடங்கும் ஏறக்குறைய எந்தத் திட்டமும் முதல் வேலையாக அதைத்தான் இயக்கிவிடுகிறது. தரவரையறை சொன்னால் அது நல்ல வடிவமைப்பு என்று பொருளில்லை. எல்லோரும் ஒரே மாதிரி செய்கிறார்கள் என்பதே அதன் பயன்.

ஒரே மாதிரி செய்கிறார்களா என்று யார் பார்ப்பது? 1998-இல் தொடங்கிய வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட் என்ற டெவலப்பர் அமைப்பு இந்தக் கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2005 ஏப்ரலில் அது வெளியிட்ட ஆசிட்2 சோதனையில் கேள்வித்தாள் எதுவும் இல்லை, ஒரு மஞ்சள் சிரித்த முகம் மட்டும். உலாவி சிஎஸ்எஸ்ஸைச் சரியாகப் புரிந்துகொண்டால் முகம் ஒழுங்காக வரும். இல்லாவிட்டால் கண் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். அப்போதைய எக்ஸ்புளோரர் 6-இல் அது முகம் என்றே சொல்ல முடியாது. தொழில்நுட்பம் தெரியாத நிருபர்கூட எந்த உலாவி தோற்றது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம், அதுதான் அதன் சாமர்த்தியம். ஆப்பிளில் சஃபாரி எழுதிக்கொண்டிருந்த டேவ் ஹயாட் இரண்டே வாரத்தில் தன் சோதனைப் பதிப்பைத் தேறவைத்தார். மைக்ரோசாஃப்ட் தேற 2009-இல் எக்ஸ்புளோரர் 8 வர வேண்டியிருந்தது.

ஆசிட் சோதனைகளின் பலவீனமும் அதே இடத்தில்தான். தெரிந்த கேள்விக்கு மட்டும் படித்துத் தேறலாம். 2008-இல் வந்த ஆசிட்3-இல் அன்று நூற்றுக்கு நூறு வாங்கப் போட்டி நடந்தது. இன்றைய உலாவிகளில் அதே பக்கத்தைத் திறந்தால் நூறு வராது. உலாவிகள் மோசமாகிவிடவில்லை, அது சோதித்த தரவரையறைகள் சிலவே பின்னர் மாறிவிட்டன. இப்போது அந்த இடத்தில் இருப்பது ‘வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ்’ என்ற பொதுத் தொகுப்பு. பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு சோதனைகள் கொண்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாவற்றிலும் ஓடி முடிவு வெளிப்படையாக வைக்கப்படுகிறது. அதை அடிப்படையாக வைத்து 2021-இல் ‘காம்பேட்’ என்ற பெயரில் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்ற பக்க அமைப்பு முறைகள் உள்ளிட்ட ஐந்து தலைவலிகளை எடுத்துக்கொண்டார்கள். 2022 முதல் ‘இன்டராப்’ என்ற பெயரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை உட்கார்ந்து, இந்த ஆண்டு எதை ஒரே மாதிரி ஆக்கலாம் என்று முடிவு செய்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்று புழக்கத்தில் உள்ள பெரிய என்ஜின்கள் மூன்றே: குரோமின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. ஓபரா 2013-இல் தன் சொந்த என்ஜினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் எட்ஜைக் குரோமின் அடித்தளத்துக்கு மாற்றியது. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் உள்ளே பிளிங்க்தான். ஆகவே ஐந்து உலாவிகளில் சோதித்தோம் என்று ஒரு குழு பெருமையாகச் சொன்னால், அது ஒரே என்ஜினை ஐந்து முறை சோதித்ததாகவும் இருக்கலாம். ஒரு குரோம், ஒரு ஃபயர்ஃபாக்ஸ், ஒரு உண்மையான ஐபோன் என்று மூன்றில் பார்ப்பவர் அவர்களைவிட அதிகம் பார்த்தவர்.

ஆதிக்கம் ஒரே இடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் பழையது. எக்ஸ்புளோரர் 6 காலத்தில் நம் அரசுத் தளங்களின் அடியில் ‘1024×768 திரையில் எக்ஸ்புளோரரில் பார்க்கச் சிறந்தது’ என்ற வாசகம் இல்லாமல் இருக்காது. தென்கொரியா அந்த வழியில் வெகுதூரம் போனது. 1990-களின் கடைசியில் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் உலாவிகளில் வலுவான மறையாக்கம் கிடைக்காததால், 1998-இல் சீட் என்ற சொந்த மறையாக்க முறையை உருவாக்கினார்கள். அதை உலாவிக்குள் கொண்டுவர, கூடுதல் நிரலைச் செருகும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் தேவைப்பட்டது. ஆக்டிவ்எக்ஸ் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடும். உலகின் வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்றில் வங்கிக் கணக்கைப் பார்க்க ஒரே ஒரு நிறுவனத்தின் உலாவி வேண்டியிருந்தது, அதுவும் பல ஆண்டுகள். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் எக்ஸ்புளோரருக்கு விடைகொடுத்தபோது மற்ற நாடுகளில் மீம் போட்டார்கள், அங்கே சில அலுவலகங்கள் பதறின.

இப்போது அந்த நாற்காலியில் குரோம். அதன் அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கண்ணெதிரே சான்று உண்டு. டெவலப்பர்கள் குரோமும் சஃபாரியும் ஏற்கும் ‘வெப்கிட்’ முன்னொட்டு (வசதியின் பெயருக்கு முன் ஒட்டும் என்ஜின் பெயர்) போட்ட சிஎஸ்எஸ்ஸை மட்டும் எழுதித் தள்ளியதால், மொசில்லா தோல்வியை ஒப்புக்கொண்டு 2016-இல் ஃபயர்ஃபாக்ஸ் 49 முதல் எதிராளியின் முன்னொட்டையே ஏற்கத் தொடங்கியது. வெப்கிட்டின் மூலநிரலில் ‘குவர்க்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. குறிப்பிட்ட பெரிய தளங்களின் பெயரைச் சொல்லி, இந்தத் தளத்தில் மட்டும் இப்படி நடந்துகொள் என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபௌட்:காம்பேட்’ என்று தட்டினால் அதே மாதிரிப் பட்டியல் விரியும். ஆக, பெரிய தளம் சோதிக்காமல் விட்ட குறையை உலாவிக்காரரே ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடுகிறார். அந்தச் சலுகை ஒரு மாவட்ட மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்துக்கோ கூட்டுறவு வங்கியின் தளத்துக்கோ கிடைக்கப்போவதில்லை. சோதனை அதிகம் தேவைப்படுவது அங்கேதான், அதற்குப் பணமும் ஆளும் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

தமிழில் பக்கம் செய்பவருக்கு இந்தச் சரித்திரம் இன்னும் பக்கத்தில் நடந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் நாளிதழ்த் தளமும் ஒரு தனி எழுத்துரு வைத்திருந்தது. அதைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப நெட்ஸ்கேப் 4-க்கு ஒரு கோப்பு வகை, எக்ஸ்புளோரருக்கு வேறொரு கோப்பு வகை. நெட்ஸ்கேப் மங்கியதும் பலர் எக்ஸ்புளோரருக்கான ‘ஈஓடி’ கோப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் வந்தபோது அதற்கு அந்தக் கோப்பு புரியவில்லை. செய்தி இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற லத்தீன் எழுத்துகள் நிரம்பி வழிந்தன. அவற்றை உடனுக்குடன் யூனிகோடாக மாற்றிக் காட்ட ‘பத்மா’ என்ற நீட்சியை ஃபயர்ஃபாக்ஸில் நிறுவிக்கொண்டு தினசரி படித்தவர்கள் உண்டு.

பிறகு கைபேசி வந்தது. பல நோக்கியா போன்களிலும் தொடக்ககால ஆண்ட்ராய்டிலும் தமிழ் எழுத்துருவே கிடையாது. திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று தட்டி, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவம் பயன்படுத்து என்ற தேர்வை ‘யெஸ்’ ஆக்கினால் தமிழ் தெரியும். ஓபரா மினி பக்கத்தைத் தன் சர்வரிலேயே வரைந்து சுருக்கி அனுப்பும் உலாவி என்பதால், தமிழ் எழுத்துகளை அங்கேயே படமாக்கி அனுப்பிவிடும். இந்த வித்தை வாய்மொழியாகவே பரவியது. அதே சர்வர் ஏற்பாட்டால் ஓபரா மினியில் ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறையாகத்தான் ஓடும். ஸ்கிரிப்ட் இல்லாமலும் படிவத்தை அனுப்ப முடிகிற மாதிரிக் கட்டிய தளங்கள் மட்டுமே அதில் உயிரோடு இருந்தன.

ஜியோபோன் கதையைத் தேதி வாரியாகப் பார்த்தால் சோதனைக்காரருக்குத் தூக்கம் போய்விடும். சிஎஸ்எஸ் கிரிட் என்ற புதிய பக்க அமைப்பு முறை 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இறங்கியது. இனி பயமில்லாமல் பயன்படுத்தலாம் என்று கொண்டாடினார்கள். அதே 2017-இல்தான் ஜியோபோன் சந்தைக்கு வந்தது. அதில் ஓடிய கைஓஎஸ் என்ற இயங்குதளத்தின் உள்ளே இருந்தது ஃபயர்ஃபாக்ஸ் 48-இன் என்ஜின், அதாவது 2016-இன் சரக்கு. கிரிட் அதற்குத் தெரியாது. புத்தம் புது போன், உள்ளே பழைய உலாவி, 240-க்கு 320 பிக்சல் திரை, தொடுதிரைக்குப் பதில் அம்புக்குறிப் பொத்தான்கள். ‘பழைய போன் வைத்திருப்பவர்களைப் பற்றி இனி கவலை வேண்டாம்’ என்ற வாதம் இங்கே எடுபடாது. விலையை வைத்தும் முடிவு செய்ய முடியாது. குறைந்த விலை ஆண்ட்ராய்டில் குரோம் ப்ளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஐபோனில் சஃபாரி ஐஓஎஸ்ஸோடு ஒட்டிப் பிறந்தது. போனுக்கு ஆதரவு நின்றால் உலாவியும் அங்கேயே நின்றுவிடும்.

யூனிகோடு வந்த பின்னும் தமிழுக்கென்று சில சோதனைகள் மிச்சம் இருக்கின்றன. எழுத்துரு எதையும் குறிப்பிடாவிட்டால் விண்டோஸ் நிர்மலா யூஐ-யையும், ஆப்பிள் தன் தமிழ் சங்கம் எம்என்-ஐயும், ஆண்ட்ராய்டு நோட்டோவையும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றின் அகலமும் உயரமும் வேறு. ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று ஆறெழுத்தில் அடங்கிய பொத்தானில் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால், ஒன்றில் ஒரே வரியில் நிற்கும், இன்னொன்றில் மடிந்து பாதி மறையும். நீளமான கூட்டுச் சொல் குறுகிய திரையில் பெட்டியைத் தாண்டி ஓடும். அதை எங்கு வேண்டுமானாலும் உடைத்துக்கொள் என்று சொல்லும் சிஎஸ்எஸ் மதிப்பு சஃபாரிக்கு 2022-இல்தான் வந்தது. ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்ற கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக எண்ணினால் ஜாவாஸ்கிரிப்டுக்குத் ‘தமிழ்’ ஐந்து. நாம் எண்ணும் மூன்று வேண்டுமானால் ‘இன்டில் செக்மென்டர்’ என்ற புதிய ஜாவாஸ்கிரிப்ட் வசதி வேண்டும். அது குரோமில் 2020-லும் சஃபாரியில் 2021-லும் வந்துவிட்டது; ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. இருக்கிறதா என்று பார்க்காமல் அழைத்தால் பழைய ஃபயர்ஃபாக்ஸில் எண்ணிக்கை மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வரும் வேலையும் நிற்கும்.

எதில் சோதிப்பது என்பதில் ஒரு பொதுவான ஏமாற்றம் உண்டு. குரோமின் டெவலப்பர் கருவியில் ‘ஐபோன்’ என்று தேர்ந்தெடுத்தால் திரையளவும் அறிமுக வரியும்தான் மாறும். உள்ளே ஓடுவது பிளிங்க்கே. முதலில் சொன்ன லுக்பிஹைண்ட் பிழை அங்கே ஒருநாளும் தெரியாது. மைக்ரோசாஃப்டின் பிளேரைட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி இன்னும் ஒரு படி மேல், உண்மையான வெப்கிட்டை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டுகிறது. பொத்தான் வேலை செய்கிறதா, படிவம் போகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகச் சோதிக்க அது போதும். ஆனாலும் அது ஐபோன் சஃபாரி அல்ல. விசைப்பலகை மேலே வரும்போது பக்கம் எப்படிச் சுருங்குகிறது, 16 பிக்சலுக்குக் குறைவான எழுத்துள்ள கட்டத்தைத் தொட்டதும் ஐஓஎஸ் பக்கத்தைப் பெரிதாக்கி வலப்பக்கத்தை வெளியே தள்ளுவது, முகவரிப் பட்டை இருக்கும்போது முழு உயரம் என்று எழுதிய பெட்டியின் அடியில் உள்ள பொத்தான் ஒளிந்துகொள்வது, இவற்றை நிஜ போனில்தான் பார்க்க முடியும். போன்களை வாங்கி அடுக்க முடியாதவர்களுக்காகவே தொலைவிலிருந்து நிஜக் கருவிகளை வாடகைக்குத் தரும் சேவைகள் இருக்கின்றன; அவற்றில் பெயர்பெற்ற பிரவுசர்ஸ்டாக் 2011-இல் மும்பையில் தொடங்கியது.

பலர் பட்டியலிலேயே சேர்க்காத ஒன்று, செயலிகளுக்குள் திறக்கும் உலாவி. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்த இணைப்பைத் தொட்டால் பக்கம் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிறது. அங்கே ‘யுபிஐ-யில் செலுத்து’ என்ற பொத்தானை அழுத்தினால் பணச் செயலி திறக்காமல் வெறும் பிழைப் பக்கம் வரலாம். அந்த இணைப்பு வகையைப் பெற்று வேறு செயலியிடம் ஒப்படைக்கும் வேலையைச் செயலிக்காரர் எழுதியிருந்தால்தான் நடக்கும். இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்பவர்களுக்கு வாடிக்கையாளர் வருவதே இந்த வழியாகத்தான்.

எல்லாவற்றையும் எல்லா உலாவியிலும் சோதிக்க யாராலும் முடியாது. எங்கே கோடு கிழிப்பது என்பதற்கு 2023 முதல் ‘பேஸ்லைன்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு வசதி முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் ஆனால் ‘பரவலாகக் கிடைப்பது’ என்று குறிக்கிறார்கள். செய்தித்தளத்துக்கும் கடைக்கும் அது நல்ல வழிகாட்டி. ரேஷன் அட்டைக்கும் தேர்வு நுழைவுச் சீட்டுக்குமான பக்கத்துக்கு முப்பது மாதம் போதாது என்பது என் கருத்து. விண்டோஸ் 7 கணினியில் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஓடு நின்றுவிட்டது, பல பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளிகளிலும் அந்தக் கணினிகள் நிற்கவில்லை. அங்கே அழகு குறையலாம், அசைவுகள் இல்லாமல் போகலாம். விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும்.

‘எங்கள் தளத்துக்குப் பழைய உலாவியில் யாருமே வருவதில்லை, அனலிடிக்ஸில் பாருங்கள்’ என்று ஒரு பதில் கூட்டங்களில் வரும். வருகையை எண்ணும் அனலிடிக்ஸ் என்பதே ஒரு ஜாவாஸ்கிரிப்ட். பல தளங்களில் அது மற்ற நிரலோடு ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருக்கும். கோப்பைப் படிக்க முடியாமல் தள்ளிவிட்ட ஐபோன் 7, எண்ணிக்கையையும் அனுப்பியிருக்காது. ஓபரா மினி பாதி நேரம் அனுப்பாது. பக்கம் உடைந்து திரும்பிப் போனவர்கள் அந்த வரைபடத்தில் வராதது, அவர்கள் வராததால் அல்ல. அதைப் பார்க்க சர்வரின் அக்சஸ் லாக் வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பக்கம் கேட்ட ஒவ்வொரு கோரிக்கையும் அதில் அறிமுக வரியோடு பதிவாகியிருக்கும். ஒரு மாத லாகை எடுத்து, படிவப் பக்கத்தைத் திறந்தவர்களையும் அதைச் சமர்ப்பித்தவர்களையும் உலாவிப் பதிப்பு வாரியாகப் பிரித்துப் போட்டால், எந்த வரிசையில் திறந்தவர் பலர், சமர்ப்பித்தவர் யாருமில்லை என்பது தெரிந்துவிடும். அடுத்து வாங்க வேண்டிய சோதனை போன் எது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.